வெள்ளம் வடிந்த பின் மலைக் கோல்ஃப் மைதானம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

சமவெளியில் வெள்ளம் வந்தால் நாள்கணக்கில் நிற்கும். மலையில் ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி, எதிரில் இருப்பதை அடித்துக்கொண்டு போய், விடியும்போது சேற்றையும் கல்லையும் மட்டும் விட்டுவிட்டு ஓடையோடு போய்விடும். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல், கொடைக்கானல் மலை வரை வந்து மரங்களைச் சாய்த்தது. 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. இந்த இரண்டு மலைகளிலும் இருபது வருஷத்துக்கு மேல் மைதானப் புல்லோடு வேலை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வருவது அதே ஏழெட்டுப் பழுதுகள்தான். தண்ணீர் கெடுத்ததைவிட, தண்ணீர் வடிந்த முதல் வாரத்தில் நம் கால்களும் வண்டிகளும் கெடுத்ததே அதிகம். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கால் வைக்கும் முன்

மோட்டார் அறைக்கும் கிளப் கட்டடத்துக்கும் வரும் மெயினை அணையுங்கள். அறுந்த கம்பி கிடந்தால் மின்வாரியம் வரும்வரை அந்தப் பக்கமே போக வேண்டாம். எதையும் அள்ளுவதற்கு முன் 18 குழிகளையும், அதாவது முதல் அடி அடிக்கும் டீ மேட்டிலிருந்து கொடி நிற்கும் கிரீன் வரை உள்ள ஒவ்வொரு ஆட்டப் பகுதியையும், படம் எடுங்கள். சேற்றில் ஒரு அளவுகோலைக் குத்திவைத்து எடுத்தால் காப்பீட்டுக்காரரிடம் பேசுவது சுலபம். வேலைக்கு வரும் எல்லோருக்கும் கம்பூட்ஸ், கையுறை கொடுங்கள். காலில் வெட்டுக்காயம் இருப்பவரைச் சேற்றில் இறக்காதீர்கள். வெள்ளத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் வருவது நிஜம். வேலை செய்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் நின்ற விஷயத்தை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

அறிகுறி 1: கிரீன் மேல் சேறு படிந்திருக்கிறது

முதல் ஆளை இங்கேதான் அனுப்ப வேண்டும். டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள நீளப் புல்வெளியான ஃபேர்வே காத்திருக்கும், பந்தை உருட்டிக் குழியில் போடும் கிரீன் காத்திருக்காது. மேலே கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம் இருந்தால் வந்து படிவது செம்மண் களி. காய்ந்தால் ஓடுபோல் இறுகி, கீழே இருக்கும் புல்லுக்கு மூச்சு விடாது.

*சேறு இன்னும் ஈரமாக, குழம்புப் பதத்தில் இருந்தால்:* அன்றைக்கே தள்ளுங்கள். தரை துடைக்கும் அகலமான ரப்பர் கட்டை போதும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் களி புல்லுக்குள் இறங்கிவிடும். ஆள் நிற்பதற்குப் பிளைவுட் பலகை போடுங்கள். கடைசியாக ஹோஸில் விசிறிபோல் விழும் தண்ணீரில் கழுவுங்கள். நேராகப் பீச்சினால் வேர் கிளம்பும். மைதானக் குளத்துத் தண்ணீரை மட்டும் எடுக்காதீர்கள். அதுவும் அதே களிதான். டேங்கர் தண்ணீருக்குச் செலவழிப்பது இங்கே வீண் இல்லை.

*காய்ந்து வெடித்துவிட்டால்:* தண்ணீர் தெளித்து மறுபடியும் குழம்பாக்க வேண்டாம். வெடிப்புகள் நன்றாக விரியட்டும். பிறகு தட்டையான மண்வெட்டியைப் படுக்கவைத்து அப்பளம் எடுப்பதுபோல் ஒவ்வொரு சில்லாகக் கிளப்புங்கள். மிச்சம் நிற்கும் தூளுக்குத் தென்னந்துடைப்பம்.

*இரண்டு அங்குலத்துக்கு மேல் இருந்தால்:* ஆள் வைத்து அள்ளத்தான் வேண்டும். தள்ளுவண்டிக்கு ஒரே பாதை ஒதுக்கி, அதில் பலகை போடுங்கள். ஆளுக்கொரு வழியில் போனால், சேறு போன பிறகு அத்தனை தடமும் பள்ளமாக நிற்கும்.

செய்யவே கூடாதது ஒன்று: சேற்றின் மேல் மணல் தூவி மூடுவது. நான் வேலை பார்த்த ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்காக அப்படிச் செய்தார்கள். மேலே பார்க்க அழகாக இருந்தது, ரோலரும் ஓட்டினார்கள். இரண்டு வருஷம் கழித்து, ஒரு சின்ன மழைக்குக்கூட அந்தக் கிரீனில் தண்ணீர் நின்றது. கொடிக்குழி வெட்டும் கருவியான கப் கட்டரை இறக்கி ஒரு துண்டு எடுத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே பென்சில் கோடு மாதிரி ஒரு களிமண் வரி. அதற்கு மேலே கறுத்துப்போன மண், அழுகிய முட்டை வாடை. வேர் எல்லாம் அந்தக் கோட்டில் வந்து மோதி வளைந்து திரும்பியிருந்தது. ஒரு ஞாயிறு ஆட்டத்துக்காக மூடிய அந்தக் கிரீனை முழுவதும் தோண்டித் திரும்பக் கட்ட ஒரு சீசன் போனது.

சேறு போன பிறகு, தரை இறுகியதும் ஹாலோ டைன் (மண்ணைத் துண்டாக எடுக்கும் குழாய் முள்) போட்டு மூன்று அங்குல ஆழத்துக்கு மண் துண்டுகளை எடுத்து, அவற்றை அப்புறப்படுத்தி, ஓட்டைகளில் சுத்தமான மணலை நிரப்புங்கள். ஒரு தடவையில் முடியாது. அந்த வருஷம் முழுக்க இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும்.

*ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம்:* கப் கட்டர் துண்டில் களிவரி மூன்று அங்குலத்துக்கும் கீழே இருந்தால், அல்லது கிரீனின் ஒரு பக்கமே அரித்துப் போயிருந்தால். அது புல்காரர் வேலை இல்லை, மைதானம் கட்டுபவர் வேலை.

அறிகுறி 2: மழை நின்று இரண்டு நாளாகியும் தண்ணீர் வடியவில்லை

முதலில் பழைய ஆட்களிடம் கேளுங்கள், அந்த இடத்தில் முன்பும் நிற்குமா என்று. முன்பும் நின்றதென்றால் அது மைதானத்தின் அமைப்புப் பிரச்சினை, வெள்ளத்தோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். புதிதாக நிற்கிறதென்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

வடிகுழாயின் கடைசி வாய். பாதிக்கு மேற்பட்ட தடவை பழுது இங்கேதான் இருக்கும். குழாய் சரிவில் ஓடைப்பக்கம் போய் முடியும். அந்த வாயை மண்ணும் சீகைமரச் சருகும் மூடியிருக்கும். ஒரு ஆள், ஒரு மண்வெட்டி, அரை மணி நேரம். குழாய் வாய் எங்கே என்று யாருக்கும் தெரியாத மைதானங்களும் உண்டு. கண்டுபிடித்த அன்றே சிமென்ட் கல் நட்டு அடையாளம் வையுங்கள்.

வாய் திறந்தும் வடியவில்லையா? மேலே உள்ள சோதனைத் தொட்டியில் துணிக்குப் போடும் சொட்டுநீலம் கொஞ்சம் கலந்து இரண்டு குடம் தண்ணீரை ஊற்றுங்கள். கீழே வாயில் ஒருவரை நிறுத்துங்கள். நீலம் சீக்கிரம் வந்தால் குழாய் நல்ல குழாய், பிரச்சினை மேல்மண்ணில் இருக்கிறது. சொட்டுச்சொட்டாக வந்தால் உள்ளே வண்டல் அடைத்திருக்கிறது. நீலம் வராமல் சரிவில் வேறெங்காவது கசிந்தால் குழாய் அங்கே உடைந்திருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் தோண்டினால் போதும். இந்த ஒரு சோதனை தெரியாமல் ஃபேர்வே முழுக்கத் தோண்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மேல்மண் சந்தேகத்துக்கு நீள ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். ஈர மண்ணில் கையழுத்தத்திலேயே ஆறு அங்குலம் இறங்க வேண்டும். இரண்டு அங்குலத்தில் முட்டி நின்றால் மண் இறுகிவிட்டது, தோட்ட முள்கரண்டியால் குத்திக் காற்று விடுங்கள்.

அடைத்த குழாயை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவ இயந்திரக்காரர் வேண்டும். அதிலும் திறக்காவிட்டால் புதுக் குழாய். செலவில் கடைசிப் படி அதுதான். ஒரு எச்சரிக்கை: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஜேசிபி போன்ற இயந்திரங்களை மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் இறக்காதீர்கள். மைதானம் தட்டையாகத் தெரிந்தாலும் அது மலைச்சரிவுதான்.

அறிகுறி 3: புல் நிறம் மாறுகிறது

எல்லா மஞ்சளும் சாவு இல்லை. அவசரப்பட்டு உரம் கொட்டாதீர்கள்.

மலைத் தண்ணீர் குளிர்ந்த தண்ணீர். சமவெளி வெயிலில் தேங்கிய தண்ணீரில் புல் வெந்துபோகும். இங்கே அதே புல் ஓரிரண்டு நாள் மூழ்கியும் பிழைக்கும். ஃபேர்வேயில் இருப்பது கிகுயு வகைப் புல் என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். தரைக்குள் ஓடும் தண்டிலிருந்து திரும்பக் கிளம்பும்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு செடியை வேரோடு எடுத்து, தண்டும் வேரும் சேரும் குருத்தைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறிக் கூழாக நசுங்கினால் போய்விட்டது. சந்தேகமான கிரீன்களில் கப் கட்டரால் ஒவ்வொரு துண்டு எடுத்து, பழைய பெயின்ட் டப்பாவில் வைத்து, வெயில் விழும் ஜன்னலோரம் ஒரு வாரம் விடுங்கள். டப்பாவில் பச்சை வந்தால் கிரீனிலும் வரும், கொஞ்சம் தாமதமாக.

*ஒரே சீராக வெளிறிய மஞ்சள்:* தழைச்சத்து கழுவிக்கொண்டு போயிருக்கிறது. தரை தாங்கத் தொடங்கியதும் 100 சதுர மீட்டருக்கு 200 கிராம் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து இலைமேல் தெளித்தால் போதும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். அதிகம் போட்டால் வேர் இல்லாமல் இலை மட்டும் கிளம்பும்.

*வட்ட வட்டமாக, ஓரத்தில் இளஞ்சிவப்பு:* குளிர் ஈரத்தில் வரும் பூஞ்சை. *எண்ணெய் தடவியதுபோல் கறுத்த திட்டு, விடியற்காலையில் பஞ்சு மாதிரி நூல்:* அழுகல் பூஞ்சை. தண்ணீர் ஓடிய வழியிலேயே பரவும். இரண்டுக்கும் மருந்து வேறு. உருளைக்கிழங்குக் கருகலுக்கு அடிக்கும் மெட்டலாக்சில் கலந்த மருந்து இரண்டாவதற்குத்தான் கேட்கும், முதலாவதற்குக் கேட்காது. எது என்று தெரியாமல் அடிப்பதைவிட, திட்டின் ஓரத்தில் ஒரு துண்டு எடுத்து ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். நோய்த் திட்டு உள்ள கிரீனைக் கடைசியாக வெட்டி, பிளேடைக் கழுவிவிட்டுத்தான் மெஷினை உள்ளே வையுங்கள்.

*பச்சைப் பாசி:* ஈரமும் நிழலும். சுற்றியுள்ள கிளையைக் கழித்து வெயில் விட்டால் பாதி குறையும்.

கடலோர மைதானங்களுக்கான குறிப்புகளில் வெள்ளத்துக்குப் பிறகு ஜிப்சம் போடச் சொல்வார்கள். அமெரிக்காவில் ஹரிக்கேன் கடல்நீரை மைதானத்துக்குள் தள்ளும்போது மண்ணில் உப்பேறும், அங்கே அது சரி. நம் மலைக்கு வருவது மழைத்தண்ணீர். நம் மண்ணின் குணம் பெரும்பாலும் புளிப்பு. மண் பரிசோதனை செய்து, சொன்னால் சுண்ணாம்பு போடுங்கள். ஜிப்சத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இன்னொன்று, இந்த மலைக்கே உரியது. வடகிழக்குப் பருவப் புயல் நவம்பரில் வரும். டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி விழும். அந்த இடைவெளியில் விதைத்த விதை முளைக்காது, ஒட்டிய புல் வேர் பிடிக்காது. செத்த திட்டை மார்ச் வரை சுத்தமாக வைத்திருந்து பிறகு ஒட்டுவதே நல்லது. கமிட்டிக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் கஷ்டம். ஆனால் சொல்லியாக வேண்டும்.

அறிகுறி 4: பங்கர் (மணல் பள்ளம்) குளமாக நிற்கிறது, அல்லது மணல் செம்மண் நிறமாகிவிட்டது

தண்ணீரை இறைத்துவிட்டு ஒரு கைப்பிடி மணலைக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவையுங்கள். ஐந்து நிமிஷத்தில் மேல் தண்ணீர் தெளிந்தால் மணல் பிழைத்தது, சரிந்த சுவரில் அள்ளிப் போட்டுத் தட்டினால் போதும். ஒரு மணி நேரம் கழித்தும் டீ மாதிரி கலங்கி நின்றால் களி கலந்துவிட்டது. மேலே இரண்டு அங்குலம் வழித்துவிட்டு, கீழே உள்ளதை மறுபடியும் குலுக்கிப் பாருங்கள். அடிவரை கலங்கல் என்றால் மணல் முழுவதும் மாற்ற வேண்டும். மலைக்கு மணல் லாரி ஏறும் செலவை நினைத்து, எல்லாப் பங்கரையும் ஒரே வருஷத்தில் மாற்றாமல் கிரீன் பக்கத்துப் பங்கரை முதலில் எடுங்கள். மற்றவற்றைப் பழுது பார்க்கும் இடமாகக் குறித்துக் கயிறு கட்டிவிடலாம்.

அறிகுறி 5: மோட்டார் அறை மூழ்கியது

ஓட்டிப் பார்க்காதீர்கள். வெளியே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே கம்பிச்சுற்று ஈரமாக இருக்கும். சுவிட்சைப் போட்ட நொடியில் எரியும். எலக்ட்ரீஷியன் மெக்கர் (மின்காப்பு அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கட்டும். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் கழற்றிச் சூடேற்றும் அடுப்பில் உலர்த்த வேண்டும். புல் வெட்டும் மெஷினில் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கிடம் அனுப்புங்கள்.

அறிகுறி 6: சரிவில் விரிசல், புதிதாக ஊற்று

இதில் நீங்களாகச் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் அன்றே செய்ய வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். மழை விட்டதும் ஆபத்து போய்விட்டது என்று இந்த மலையில் யாரும் நினைக்கக் கூடாது.

டீ மேட்டிலோ பாதையோரத்திலோ பிறை வடிவில் விரிசல் தெரிகிறதா, நேற்று இல்லாத இடத்தில் கலங்கல் தண்ணீர் கசிகிறதா, நேராக நின்ற கம்பம் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். விரிசலின் இரு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை டேப்பால் அளந்து நேரத்தோடு எழுதிவையுங்கள். விரிசலைத் தார்ப்பாயால் மூடி, மேலிருந்து வரும் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள். மண்ணைக் கொட்டி விரிசலை மூடாதீர்கள், எடைதான் கூடும். இடைவெளி கூடினாலோ, கீழே வீடு இருந்தாலோ மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள். புவியியல் தெரிந்தவர் வந்து பார்க்கும்வரை அந்தக் குழியில் யாரையும் ஆட விடாதீர்கள்.

அறிகுறி 7: சாய்ந்த மரம்

சீகையும் பைனும் ஈர மண்ணில் வேரோடு வரும். விழுந்ததைவிடச் சாய்ந்து நிற்பது ஆபத்து. அடியில் ஒரு பக்கம் மண் தூக்கியிருந்தால், மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குக் கயிறு கட்டுங்கள். வெட்டுவதற்கு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 இருக்கிறது. அனுமதி வாங்கியே ரம்பம் வையுங்கள். விழுந்த மரத்தை வெளியே கொண்டுபோகும் முன்பும் வனத்துறையிடம் கேட்டுவிடுங்கள்.

அறிகுறி 8: காலையில் கிரீன் முழுக்கக் குளம்புத் தடம், உழுத மண்

ஆழமான குளம்பு என்றால் காட்டுமாடு. உழுதிருந்தால் பன்றி, மழைக்கு மேலே வந்த புழுவைத் தேடியிருக்கிறது. வெள்ளத்தில் வேலி போன இடத்தில் இது தினமும் நடக்கும். தடத்தை மேலிருந்து மிதித்துச் சமப்படுத்தாதீர்கள். முள்கரண்டியைச் சுற்றிலும் இறக்கி, உள்நோக்கி மெல்ல நெம்பி, மண்ணை மேலே கொண்டுவந்து, பிறகு பலகை வைத்துத் தட்டுங்கள். மாடு மைதானத்துக்குள் நின்றால் விரட்ட வேண்டாம். காட்டுமாடு பாதுகாக்கப்பட்ட விலங்கு, பயந்தால் ஆளைத் தூக்கிவிடும். வனத்துறைக்குச் சொல்லிவிட்டு, அது போகும்வரை அந்தக் குழியில் வேலையை நிறுத்துங்கள்.

கடைசி கேள்வி: எப்போது திறக்கலாம்?

தேதியை நாட்காட்டியில் குறிக்காமல் குதிகாலில் குறியுங்கள். கிரீன் நடுவில் ஒற்றைக் குதிகாலில் முழு எடையையும் வைத்து ஒரு சுற்றுத் திரும்புங்கள். தண்ணீர் பிதுங்கினால் மூடியே இருக்கட்டும். பள்ளம் விழுந்து தங்கினாலும் மூடியே இருக்கட்டும். தடம் தானாக எழுந்தால் நடந்து ஆடுபவர்களை விடலாம். பக்கி வண்டிக்கு இன்னும் ஒரு வாரம் தள்ளுங்கள். முதல் வெட்டுக்கு உயரத்தைக் கூட்டி, இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். கையால் தள்ளும் மெஷின்தான். உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறிப் பனி உருகும்வரை யாரையும் கிரீனில் விடக்கூடாது.

பதினெட்டையும் சேர்த்துத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2024 செப்டம்பரில் ஹெலீன் ஹரிக்கேன் வட கரோலைனா மலைப்பகுதியை அடித்தபோது, ஆஷ்வில் நகராட்சி மைதானத்தில் ஆற்றை ஒட்டிய முன் ஒன்பது குழிகள் நாசமாயின. மேட்டிலிருந்த பின் ஒன்பதை முதலில் திறந்தார்கள். நமக்கும் அதே வழிதான். மேட்டுக் குழிகளைத் திறந்து, ஓடைப்பக்கக் குழிகளில் ஃபேர்வே ஓரத்தில் தற்காலிகக் கிரீன் வெட்டுங்கள். மூடிய பழைய கிரீனில் பந்து விழுந்தால் அதன்மேல் நின்று அடிக்காமல் வெளியே எடுத்து வைத்து ஆட வேண்டும் என்று முதல் டீயில் எழுதி ஒட்டுங்கள். தேங்கிய தண்ணீருக்கும் பழுது பார்க்கும் இடத்துக்கும் கோல்ஃப் விதி 16.1-இல் அபராத அடி இல்லாமல் பந்தை வெளியே எடுத்துவைக்க விலக்கு உண்டு, அதையும் அதே பலகையில் சேர்த்து எழுதுங்கள். ஆட்டக்காரரின் பையைச் சுமக்கும் கேடிகளிடம் தனியாக ஒருமுறை சொல்லிவிடுங்கள். பலகையைப் படிக்காத ஆட்டக்காரரும் கேடி சொல்வதைக் கேட்பார்.

திறந்த முதல் வாரம் தினமும் சாயங்காலம் எல்லாக் கிரீனிலும் குதிகால் வைத்துப் பாருங்கள். எது பிதுங்குகிறதோ, மறுநாள் காலையில் அந்தக் கிரீனின் கொடியை எடுத்து மூடிவிடுங்கள்.